ஹை பார் கிரிப்: கையை அளந்து வாங்குங்கள், வளர்வான் என்று வாங்காதீர்கள்

பையன்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் ஹை பாருக்குப் போடுகிற தோல் கிரிப் பற்றித் தமிழில் தேடிப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அதனால் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம். மூத்தவனுக்குப் பதினோரு வயது. வாரத்தில் பாதி நாள் சாயங்காலம் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு என்2 நெடுஞ்சாலையில் வடக்கே இருக்கிற கிளப்புக்குப் போவதுதான் எங்கள் வீட்டு வாழ்க்கை. வாங்கியது ஐரோப்பாவில் தயாரான ஜோடி, மூன்று விரல் துளை, மணிக்கட்டில் பக்கிள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொருள் முதல் தரம், விலை கொஞ்சம் கடுப்பு, ஆனாலும் கொடுத்த காசுக்குத் தகும். ஆனால் அளவு ஒன்று தவறிவிட்டால் இவ்வளவு நல்ல பொருளே பையன் கையை முறித்துவிடும், அந்த விஷயத்தைத்தான் நான் விரிவாகச் சொல்ல வந்தேன்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஆண்கள் பிரிவில் ஆறு கருவிகள்: தரை, பொம்மல் ஹார்ஸ், ரிங்ஸ், வால்ட், பேரலல் பார்ஸ், கடைசியில் ஹை பார். ஹை பார் என்பது 28 மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரே ஒரு எஃகுக் கம்பி, தரையிலிருந்து 2.80 மீட்டர் உயரம். அதைப் பிடித்துக்கொண்டு உடம்பு முழுசாக ஒரு வட்டம் சுற்றும்போது, அடியில் வருகிற நேரத்தில் கையில் விழுகிற இழுவை உடல் எடையைப் போல மூன்று நான்கு மடங்கு வரும். பதினோரு வயசுப் பையனின் விரல் அதைத் தாங்குமா? தனியாகத் தாங்காது. அதற்குத்தான் இந்தக் கிரிப். உள்ளங்கையை மூடுகிற ஒரு தோல் பட்டை, அதில் விரல் நுழைக்கத் துளைகள், துளைக்குக் கீழே தோலுக்குள் வைத்துத் தைத்த ஒரு சின்னக் குச்சி. பாரைப் பிடித்ததும் அந்தக் குச்சி பாருக்கு மேலே விரலோடு சேர்ந்து மாட்டிக்கொள்கிறது, இழுவையில் பெரும்பங்கு தோல் வழியாக மணிக்கட்டுக்குப் போய்விடுகிறது. கை உரியாமல் இருக்கத்தான் போடுகிறார்கள் என்று பல அம்மாக்கள் நினைக்கிறார்கள். கை கொஞ்சம் குறைவாக உரியும் என்பது உண்மைதான், ஆனால் முக்கிய வேலை பிடியைக் காப்பாற்றுவது.

எங்கள் பையன் ஒரு வருஷத்துக்கும் மேலாக ஸ்ட்ராப் பாரில்தான் சுற்றினான். வழவழப்பான குழாய், கையில் துணிக் கையுறை, மணிக்கட்டைப் பாரோடு கட்டி வைக்கிற நாடா. அதில் கை நழுவி விழுகிற வாய்ப்பு ரொம்பக் குறைவு, அதனால் பையன்கள் பயமில்லாமல் முழு வட்டம் கற்றுக்கொள்வார்கள். அதில் உடம்பு நேராக வந்த பிறகுதான் கோச், சரி, இனி கிரிப் வாங்கலாம் என்றார். அவர் சொல்வதற்கு முன்னால் வாங்காதீர்கள். பக்கத்துப் பையன் போட்டிருக்கிறான் என்று வாங்கினால் அது பையில் கிடந்து காயும், அந்த நேரத்துக்குள் கையும் வளர்ந்துவிடும்.

நான் தேட ஆரம்பித்ததற்கு இன்னொரு காரணம் ஃபாபியன் ஹாம்பூஷென். என் பையன் கண்ணாடி போடுகிறவன். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வீடியோவில் பதினாறு வயசு ஜெர்மன் பையனாக ஹாம்பூஷென் கண்ணாடியோடு ஹை பாரில் ஏறுவதைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு வேறு யாரும் கண்ணில் படவில்லை. அந்த இறுதிப் போட்டி ரஷ்யாவின் அலெக்ஸி நெமோவுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள் என்று கூட்டம் எழுந்து கத்தியதற்காகப் பேசப்படுகிற போட்டி. நடுவர்கள் மதிப்பெண்ணை ஏற்றினார்கள், அப்பவும் சத்தம் அடங்கவில்லை, கடைசியில் நெமோவே முன்னால் வந்து கைகாட்டிக் கூட்டத்தை அடக்கினார். ஹாம்பூஷென் அன்றைக்கு ஏழாம் இடம். யாரும் பெரிதாகக் கவனித்திருக்க மாட்டார்கள். அப்புறம் 2007 ஸ்டுட்கார்ட்டில் சொந்த நாட்டு ஜனங்களுக்கு முன்னால் ஹை பாரில் உலகச் சாம்பியன். 2008 பெய்ஜிங்கில் வெண்கலம். 2011 தொடக்கத்தில் குதிகால் தசைநார் அறுந்தது. 2012 லண்டனில் 16.400 எடுத்தும் வெள்ளிதான், ஏனென்றால் அன்றைக்கு நெதர்லாந்தின் எப்கே சோண்டர்லாண்ட் பாரை விட்டுப் பறந்து பிடிக்கிற மூன்று வித்தையை இடைவெளியே இல்லாமல் அடுத்தடுத்துச் செய்து 16.533 வாங்கிவிட்டார். 2016 ரியோவுக்கு ஹாம்பூஷென் தோள் காயத்தோடுதான் வந்தார். 15.766, தங்கம். இருபத்தெட்டு வயது. ஏழாவது, மூன்றாவது, இரண்டாவது, முதலாவது. பன்னிரண்டு வருஷம், நான்கு ஒலிம்பிக், ஒரே கம்பி. பயிற்சி கொடுத்தவர் சொந்த அப்பா வோல்ஃப்காங்.

இதை ஏன் இங்கே இழுக்கிறேன் என்றால், ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் நீண்ட ஓட்டம். பலம் தாமதமாகத்தான் வரும். பல்கேரியாவின் யோர்டான் யோவ்சேவ் 1992 பார்சிலோனாவில் தொடங்கி 2012 லண்டன் வரை ஆறு ஒலிம்பிக் ஆடினார், லண்டனில் முப்பத்தொன்பது வயதில் ரிங்ஸ் இறுதிக்கே வந்தார். ஜப்பானின் கோஹெய் உச்சிமுரா 2009 முதல் 2016 வரை ஆறு கருவியும் சேர்ந்த பட்டத்தை உலகப் போட்டியிலும் ஒலிம்பிக்கிலும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, அப்புறம் தோள் இடம் கொடுக்காமல் டோக்கியோவில் ஹை பார் ஒன்றுக்கு மட்டும் வந்தார். பதினோரு வயதில் மணிக்கட்டு போனால் இதில் எதுவுமே இல்லை. எங்கள் பையன் ஒலிம்பிக் போவான் என்று நான் சொல்லவில்லை. இருபது வயதிலும் அவன் ஆசைப்பட்டால் பாரில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் என் கவலை.

சரி, பொருளுக்கு வருகிறேன். வாங்குகிற இடத்திலேயே முதல் சிக்கல். இந்த நாட்டில் ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் பெண் பிள்ளைகள்தான் நிறைய, டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் போன கேட்லின் ரூஸ்கிரான்ஸைப் பார்த்து இன்னும் நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்கள், நல்ல விஷயம். அதனால் கடைகளில் கிரிப் என்று கேட்டால் பெண்கள் ஆடுகிற அன்ஈவன் பார்ஸுக்கான கிரிப்பைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். அந்தக் கட்டை 40 மில்லிமீட்டர் பருமன், நம் பையன்கள் பிடிக்கிற கம்பி 28. அதற்குச் செய்த கிரிப் இதில் சரியாக மாட்டாது. ஆன்லைனில் நான் ஆர்டர் பண்ணிய கடை (பெயர் வேண்டாம், பிறகு மாற்றிக் கொடுத்தார்கள்) முதலில் அனுப்பியது அதைத்தான். பெட்டியைத் திறந்ததும் இரண்டே துளை இருந்தது, உடனே தெரிந்துவிட்டது. ஹை பார் கிரிப்புக்கு மூன்று துளை: ஆள்காட்டி, நடு, மோதிர விரல். ஆண்களுக்கே ரிங்ஸுக்கு வேறு கிரிப் இருக்கிறது, அதற்கும் இரண்டு துளைதான். ரிங்ஸ் கிரிப்பைப் போட்டுக்கொண்டு ஹை பாரில் ஏறுவது, ஹை பார் கிரிப்போடு ரிங்ஸில் தொங்குவது, இரண்டையும் எங்கள் கோச் விடவே மாட்டார்.

அதே கடையில் போனில் பேசிய பெண் ரொம்ப அன்பாக, "ஒரு சைஸ் பெரிசா எடுங்க, வளர்ற பையன்தானே, அடுத்த வருஷமும் ஆகும்" என்றார். கிளப்பில் மற்ற அம்மாக்களும் அதையே சொன்னார்கள். எங்கள் நாத்தனாரும் அதையே சொன்னார். நம் வீடுகளில் பள்ளிக்கூடச் சட்டை, ஷூ எல்லாமே அப்படித்தான் வாங்குகிறோம், தப்பில்லை. கிரிப்பை மட்டும் அப்படி வாங்கவே கூடாது. அதன் காரணத்தை யாரும் இவர்களுக்கு விளக்கியிருக்க மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன்.

கிரிப் நீளமாக இருந்தால் குச்சிக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் தோல் தொய்ந்து நிற்கும். பையன் சுற்றும்போது அந்தத் தொய்வு பாரைச் சுற்றி முழுசாகப் போய்த் தன் மேலேயே மடிந்து சிக்கிக்கொள்ளும், சேலை முந்தானை சைக்கிள் செயினில் சிக்குகிற மாதிரி. கை பாரோடு பூட்டிக்கொண்டு நின்றுவிடும், உடம்பு நிற்காது, அது பாட்டுக்குச் சுற்றும். நடுவில் இருக்கிற முன்கை எலும்பு முறியும். கிரிப் லாக் என்று சொல்வது இதைத்தான். பெரியவர்களுக்கும் நடந்திருக்கிறது, நல்ல அனுபவசாலிகளுக்கும் நடந்திருக்கிறது. பெரிய சைஸ் வாங்குவது இந்த ஆபத்தை முதல் நாளிலிருந்தே காசு கொடுத்து வாங்குவது. நான் கடைக்காரப் பெண்ணிடம் பணிவாகவே மறுத்துவிட்டேன். மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஸ்கேல் வைத்து அளந்து, தயாரிப்பாளர் கொடுத்திருக்கிற அட்டவணையில் அந்த அளவுக்கு என்ன எண்ணோ அதையே கேட்டு வாங்கினேன். இரண்டு எண்ணுக்கு நடுவில் வந்தால்? கோச்சிடம் கேளுங்கள், நாங்கள் கேட்டோம், சின்னதை எடுக்கச் சொன்னார்.

சரியான ஜோடி வந்த அன்று சாயங்காலம் முதலில் அது போனது என் மாமனார் கைக்கு. அவர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஷூ ஃபேக்டரியில் தோல் வெட்டும் மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பட்டையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து மடக்கினார். வெட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குச்சியைச் சுற்றிப் போட்ட தையலில் பெருவிரல் நகத்தை வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இழுத்தார், எங்கேயும் தட்டவில்லை.

"ஒரே தோல்மா, ஒட்டு இல்ல. தையல் நல்லா இறுக்கிப் போட்டிருக்கான். ஆனா நீளும்."

"இவ்வளவு தடிமனா இருக்கே மாமா, இதுவுமா நீளும்?"

"நீளாத தோல் எங்கயும் கிடையாதும்மா. அவன் தொங்கத் தொங்க நீளும். எவ்வளவு நீளுதுன்னு பார்த்துக்கிட்டே இருக்கணும்."

அப்புறம் அவர் செய்ததுதான் இந்த முழு விமர்சனத்திலும் உங்களுக்கு அதிகம் உதவப்போவது. சோளப்பொரி அட்டைப்பெட்டியை வெட்டி, புதுக் கிரிப் இரண்டையும் அதன் மேல் தட்டையாக வைத்து, பால்பாயின்ட் பேனாவால் சுற்றிலும் கோடு போட்டார், குச்சி வருகிற இடத்தில் ஒரு குறுக்குக் கோடு, இடது வலது என்று எழுதி, தேதியும் போட்டு அலமாரியில் வைத்துவிட்டார். மாதா மாதம் கிரிப்பை அந்த அட்டையில் வைத்துப் பார்க்கிறோம். குறுக்குக் கோட்டைத் தாண்டிக் குச்சி எவ்வளவு மேலே போயிருக்கிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்துவிடுகிறது. கையில் போட்டுப் பார்த்தால் தெரியாது, ஏனென்றால் கையும் வளர்கிறது, தோலும் நீள்கிறது. கோச் இந்த அட்டையைப் பார்த்துவிட்டு மற்றப் பையன்களுக்கும் இப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறார். என் மாமனாருக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத்தான் தெரியும்.

பக்கிளா வெல்க்ரோவா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் பக்கிள் பக்கம்தான். வெல்க்ரோ போட, கழற்றச் சுலபம், சின்னப் பையன்கள் தாங்களே போட்டுக்கொள்ளலாம், அது பெரிய வசதி. ஆனால் பிடி வழுக்காமலிருக்கப் பூசுகிற சாக் பவுடர் வெல்க்ரோ முடிக்குள் போய் அடைத்துக்கொள்கிறது, ஒட்டும் பலம் குறைகிறது. கிளப்பில் பழைய வெல்க்ரோ ஜோடியை மேலே டேப் சுற்றி ஓட்டுகிற பையன்களைப் பார்க்கிறேன், எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பக்கிள் ஒவ்வொரு தடவையும் அதே துளையில் நிற்கிறது, நேற்று எவ்வளவு இறுக்கமோ இன்றும் அவ்வளவு. குறை என்னவென்றால் துளைகளுக்கு நடுவில் இடைவெளி அதிகம், எங்கள் பையனுடைய ஒல்லி மணிக்கட்டுக்கு ஒன்று லூஸ், அடுத்தது ரொம்ப இறுக்கம் என்று இருந்தது. மாமனார் நடுவில் ஒரு துளை போட்டுக் கொடுத்தார். உள்ளே பருத்தி மணிக்கட்டுப் பட்டை கட்டாயம் போட வேண்டும், இல்லாவிட்டால் பக்கிள் தோலை அறுக்கும். அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. இந்த விலைக்கு அதையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றியது.

புதுசாக வரும்போது கிரிப் விறைப்பாக இருக்கும். பையன் போட்டவுடன், "அம்மா, கையே மடங்கல" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பழகக் கொஞ்ச வாரம் ஆகும். முதலில் தாழ்வான பாரில் வெறுமனே தொங்கல், அப்புறம் சின்ன ஊஞ்சல், அதற்கும் பிறகுதான் முழு வட்டம். விரல் துளை இறுக்கமாக இருந்தது, உப்புத்தாளைப் பென்சிலில் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துப் பெரிதாக்கினோம். ஒரேயடியாகக் கத்தி வைத்துவிடாதீர்கள், துளை பெரிதாகிப் போனால் பட்டை விரலில் கீழே இறங்கிவிடும், மறுபடி நீளத் தொல்லைதான். பாரைப் பிடிக்கிற பக்கம் வழவழப்பாகி மினுங்க ஆரம்பித்தால் கம்பி பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, சாக் பூச வேண்டும். சாக் என்பது கரும்பலகைச் சாக்பீஸ் இல்லை, மெக்னீசியம் கார்பனேட், கிளப்பிலேயே வைத்திருப்பார்கள்.

டர்பன்காரர்களுக்குத் தனியாக ஒன்று. நம் ஊர் ஈரக்காற்றுக்குத் தோல் பூஞ்சை பிடிக்கும். பயிற்சி முடிந்ததும் வியர்வையோடு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, ஜனவரிக் கோடை வெயிலில் கார் டிக்கியில் விட்டால் ஒரு பக்கம் விறைக்கும், ஒரு பக்கம் நாறும். நாங்கள் துணிப்பையில் போட்டு, வீட்டுக்கு வந்ததும் நிழலில் காற்றாடத் தொங்கவிடுகிறோம். எண்ணெய் எதுவும் தடவாதீர்கள். மாமியார் தேங்காய் எண்ணெய் தடவிவைக்கவா என்று கேட்டார், அது பையன் கைக்குத்தான், ராத்திரியில், காப்புக் காய்த்த இடத்துக்கு.

கை உரிவது நிற்குமா என்றால், நிற்காது. காப்புக் காய்க்கிறது, ஓரத்தில் தூக்குகிறது, கிழிகிறது, முன்பைவிடக் குறைவு. பேரலல் பார்ஸும் பொம்மல் ஹார்ஸும் வெறுங்கையில்தான், அதில் ஏற்படுகிற காப்பு வேறு. ஆனால் ஹை பாரில் அவன் உடம்பை நீட்டுகிற விதமே மாறியிருக்கிறது. முன்பெல்லாம் கீழே வரும்போது தோளைக் கொஞ்சம் இறுக்கிக்கொள்வான், விரல் விட்டுவிடுமோ என்ற பயம். இப்போது அடியில் வரும்போது கால் நுனிவரை நீண்டு வருகிறான். கோச் அதைக் கவனித்துச் சொன்ன பிறகு நான் வீடியோ எடுத்து வைத்துப் பார்த்தேன், தோளில் முன்பிருந்த இறுக்கமே இல்லை. இந்த ஒன்றுக்காகவே அந்த விலையை நான் மறுபடியும் கொடுப்பேன்.

எவ்வளவு நாள் உழைக்கும் என்று கேட்டால், அது தையல் எவ்வளவு நாள் தாங்கும் என்ற கேள்வி இல்லை. எங்கள் ஜோடியில் தையல் இன்னும் புதுசு போலவே இருக்கிறது, தோலில் ஒரு கீறல் இல்லை, வலது மட்டும் அட்டையில் கோட்டை நன்றாகத் தாண்டிவிட்டது. கோச் பார்த்தார், பாரைப் பிடிக்கச் சொன்னார், மணிக்கட்டுக்கு மேலே தோல் லேசாக மடிந்தது. மாற்று என்றார். இடது நன்றாகத்தானே இருக்கிறது, வலதை மட்டும் வாங்கலாமா என்று என் கணவர் கேட்டார். ஒன்று புதுசு ஒன்று பழசு என்றால் இரண்டு கையும் பாரை வேறு வேறு மாதிரி பிடிக்கும், அதனால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். வருகிற ஜோடியையும் போட்டிக்கு முன்னால் பழக்க நேரம் வேண்டும் என்பதால், பழையது கோட்டை நெருங்கும்போதே அடுத்ததை ஆர்டர் பண்ணிவிடுங்கள். வெளிநாட்டுச் சரக்கு கையிருப்பில் இல்லாவிட்டால் கப்பலும் கஸ்டம்ஸும் தாண்டி வரவேண்டும்.

பழைய ஜோடியைத் தம்பிக்கு எடுத்து வைக்காதீர்கள், கிளப்பில் வசதி குறைந்த பையனுக்குக் கொடுப்பதும் உதவி ஆகாது. அந்தப் பையனுக்கு உதவ மனசிருந்தால் புதுசு ஒன்று வாங்கிக் கொடுங்கள், அல்லது நாலு குடும்பம் சேர்ந்து வாங்குங்கள், எங்கள் கிளப்பில் அப்படிச் செய்கிறோம். நீண்டுபோன கிரிப்பின் விரல் துளைகளைக் கத்தரியால் வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள், யாரும் எடுத்து மாட்டிக்கொள்ள முடியாதபடி.

ஆர்டர் பண்ணும்போது "ஆண்கள், ஹை பார், மூன்று விரல், பக்கிள்" என்று எழுத்திலேயே கேளுங்கள், கை அளவையும் சென்டிமீட்டரில் எழுதுங்கள், பெட்டி வந்ததும் பில்லை எறியாமல் துளையை எண்ணிப் பாருங்கள்.